கையில் ஒட்டாத வெள்ளை

எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் முன்னறைச் சுவரைத் தொட்டுப் பார்க்காமல் திரும்ப முடியாது. நான் விடமாட்டேன். மனைவி தண்ணி கலக்கிக்கொண்டு வருவதற்குள், "அந்தச் சுவத்தக் கொஞ்சம் தடவிப் பாருங்க" என்று ஆரம்பித்துவிடுவேன். போன மாதம் கேஸ் தோங் கொண்டுவந்த சீனத் தம்பியைக்கூடத் தடவ வைத்தேன். பாவம், கையைத் துடைத்துக்கொண்டே போனான். துடைக்க அவன் கையில் ஒன்றும் இல்லை, அதுதான் விஷயமே! "ஊர்ல எல்லாரும் பேரப்பிள்ள படத்தக் காட்டுவாங்க, இவரு சுவத்தக் காட்டுறாரு" என்று மனைவி தலையில் அடித்துக்கொள்கிறாள். அடித்துக்கொள்ளட்டும்.

அந்தச் சுவரில் இருப்பது சுண்ணாம்பு. தாத்தா காலத்துச் சுண்ணாம்பேதான். கோலாலம்பூரில் இப்போது 'லைம்வாஷ்' என்று அழகான டின்னில் அடைத்து, மேகம் படிந்ததுபோல் இருக்கிறது என்று படம் போட்டு விற்கிறார்கள். டின்னின் விலையைப் பார்த்தேன், சிரிப்பு வந்தது. ஒரு மூட்டைச் சுண்ணாம்பில் எங்கள் வரிசை முழுக்க முன்னறை அடித்துவிடலாம்.

நான் புக்கிட் ரோத்தான் பக்கத்துத் தோட்டத்தில் லயத்தில் பிறந்தவன். பாதி உயரம் செங்கல் சுவர், அதற்கு மேல் பலகை. தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது ஸ்டோரில் சுண்ணாம்பு அளந்து கொடுப்பார்கள். அப்பா பழைய தோங்கில் தண்ணீரை நிரப்பிக் கல்லைப் போடுவார். அது புஸ்ஸென்று சீறி, குமிழி விட்டு, அடுப்பே இல்லாமல் கொதிக்கும். நாங்கள் பிள்ளைகள் சுற்றி நின்று வாயைப் பிளந்து பார்ப்போம். "கிட்ட வராதீங்கடா, கண்ணு போயிரும்!" என்று அம்மா கத்துவார். அந்த வாசனை இருக்கிறதே, மழை நனைத்த கல்லின் வாசனை, அதுதான் எனக்குத் தீபாவளி. முறுக்கு வாசனையெல்லாம் பிறகுதான்.

ஆனால் அந்தச் சுவரால் பட்ட வெட்கமும் கொஞ்சமில்லை. பள்ளிச் சட்டை வெள்ளை, அதில் ஒட்டினால் தெரியாது. நீலக் கால்சட்டையின் பின்புறம் காட்டிக்கொடுத்துவிடும். பெண் பிள்ளைகளுக்கு நீலப் பினாஃபோர், இன்னும் மோசம். டவுன் பிள்ளைகள் எங்களைத் திரும்பி நிற்கச் சொல்லி, "லயத்துப் பிள்ளை, லயத்துப் பிள்ளை" என்பார்கள். வீட்டில் சுவரில் சாயாமல் நின்று பழகியவன் நான். இன்றைக்கும் என் தோள்கள் நிமிர்ந்திருப்பதற்கு அதுதான் காரணம் என்று நினைத்துக்கொள்வேன்.

அதனால்தான் தோட்டத்தை விட்டு டவுன் பக்கம் தாமான் வீட்டுக்கு வந்ததும் முதல் சம்பளத்தில் பிளாஸ்டிக் பெயிண்ட் வாங்கினேன். இளஞ்சிவப்பு. பளபளவென்று! சாய்ந்தால் ஒட்டாது, ஈரத்துணியால் துடைக்கலாம். ஒரு வருடம் ராஜாவாக இருந்தேன். கோலசிலாங்கூர் பக்கம் இருப்பவர்களுக்கு மற்றதைச் சொல்லத் தேவையில்லை. ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் ஆறு, தாழ்ந்த மண். நிலத்தின் ஈரம் சுவரின் அடியிலிருந்து மேலே ஏறிக்கொண்டே இருக்கும். வெளியே வர வழியில்லாதபடி பெயிண்ட் தோல் மூடிவிடுகிறது. முழங்கால் உயரத்தில் கொப்புளம் கொப்புளமாக எழும்பும். விரலால் அழுத்தினால் பொட்டென்று உடைந்து, உள்ளே ஈரப்பொடி. நாற்காலியை நகர்த்தினால் பின்னால் கறுப்புப் பூஞ்சணம். சுரண்டு, பட்டி வை, பெயிண்ட் அடி. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை இதே கூத்து. இருபத்தைந்து வருடம் இப்படியே போயிற்று என்றால் நம்புவீர்களா?

கண் திறந்தது பினாங்கில். சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் போன இடத்தில் சியோங் ஃபாட் ஸீ மாளிகையைப் பார்க்கப் போனோம். ஊரே நீல மாளிகை என்று சொல்லும் வீடு. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் கட்டியது, 38 அறை, ஐந்து முற்றம். சிதைந்து கிடந்ததை 1989-க்குப் பிறகு வாங்கிப் பழைய முறையிலேயே செப்பனிட்டார்கள், 2000-இல் யுனெஸ்கோ விருதும் கிடைத்தது. அந்த நீலத்தைப் பார்த்ததும் நான் அப்படியே நின்றுவிட்டேன். பெயிண்டின் நீலம் சுவர் மேல் உட்கார்ந்திருக்கும், இது சுவருக்குள்ளிருந்து வருகிறது. சுண்ணாம்பில் அவுரி நீலத்தைக் கலந்து அடித்தது என்று சுற்றிக் காட்டியவர் சொன்னார். மழையும் வெக்கையும் மாறி மாறி அடிக்கும் நம் நாட்டில் சுவர் மூச்சுவிடச் சுண்ணாம்பைப்போல் ஒன்று கிடையாது என்றார்.

வீடு திரும்பியதும் நேரே சித்தப்பாவிடம் போனேன். ரப்பர் காலத்தில் பால் வெட்டியவர், எண்பதைத் தாண்டிவிட்டார். பினாங்குக் கதை முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இதுக்காடா பினாங்கு வரைக்கும் போன? நம்ம லயத்துலயே இருந்திச்சே" என்றார்.

"அது கால்சட்டையில ஒட்டுமே சித்தப்பா?"

"அவசரத்துல ஒரே பூச்சா தடியா அடிச்சா ஒட்டாம என்ன செய்யும்? ஒருநாள் லீவுல லயம் பூரா முடிக்கணும். எங்க கோயில் சுவத்தக் கேளு, ஒட்டிச்சான்னு."

எனக்குப் பொட்டில் அடித்ததுபோல் இருந்தது. மாரியம்மன் கோயில் சுவரில் எத்தனை நாள் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறேன்! வெள்ளையும் காவியுமாகப் பட்டை போட்ட சுவர். ஒருநாளும் ஒட்டியதில்லை. அங்கே அவசரப்படாமல் நாலைந்து முறை அடித்திருக்கிறார்கள். வெட்கப்பட வேண்டியது சுண்ணாம்புக்காக இல்லை, அவசரத்துக்காக.

மறுநாளே தஞ்சோங் காராங் பக்கம் போய், வயலுக்கு மருந்து விற்கும் கடையில் "காப்பூர்" என்று கேட்டு ஒரு மூட்டை வாங்கி வந்தேன். கரைத்தேன், அடித்தேன், காய்ந்தது. கையை வைத்தால் மாவுபோல் மொத்தமும் வந்துவிட்டது! சித்தப்பா ஒரு சிட்டிகை எடுத்துத் தேய்த்துப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். நான் வாங்கியது வயலுக்குப் போடும் சுண்ணாம்பு. புளித்த மண்ணுக்காக வெறும் கல்லை அரைத்து மூட்டை கட்டியது. சுடாத கல் சுவரில் பிடிக்காது. கடைக்காரரைக் குறை சொல்ல முடியாது, நான் கேட்டதை அவர் கொடுத்தார்.

சுண்ணாம்புக் கல்லை 900 டிகிரி அளவுக்குச் சுட்டால் அதிலிருக்கும் கரியமிலவாயு போய்விடும். மிச்சம் நிற்பது சுட்ட சுண்ணாம்பு. அதில் தண்ணீர் பட்டால், அப்பாவின் தோங்கில் கொதித்ததே, அதுபோல் கொதித்து நீற்றிய சுண்ணாம்பாகும். அதைக் கரைத்துச் சுவரில் அடித்தால் காற்றிலுள்ள கரியமிலவாயுவைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துக்கொண்டு மறுபடியும் கல்லாகிவிடுகிறது. மலாய்க்காரர்கள் சுட்டதைக் காப்பூர் தோஹோர் என்றும் நீற்றியதைக் காப்பூர் மாத்தி என்றும் சொல்வார்கள். மாத்தி என்றால் செத்தது. செத்த சுண்ணாம்பு என் சுவரில் ஏறி உயிர் பிழைக்கிறது! கல்லைக் கரைத்துக் கல்லின்மேல் எழுதுகிற வேலை ஐயா இது, எந்த டின் பெயிண்ட் செய்யும்?

இந்தத் தடவை ஹார்ட்வேர் கடையில் காப்பூர் மாத்தி என்று பெயர் சொல்லிக் கேட்டு வாங்கினேன். சித்தப்பா அதைத் தோங்கில் கொட்டி, மேலே ஒரு விரற்கடை தண்ணீர் நிற்கும்படி ஊற்றி மூடிவிட்டார். மூன்று வாரம். "ஊறட்டும், ஊற ஊற வெண்ணெயாவும்" என்றார். மூடியைத் திறந்தபோது கட்டித் தயிர்போல் வழவழவென்று இருந்தது. ஒரு கண்ணில் வெண்ணெய் ஒரு கண்ணில் சுண்ணாம்பு என்கிறோமே, தோங்குக்குள் இரண்டும் ஒன்றாகவே கிடந்தன.

அதற்குள் நான் பழைய பெயிண்டை முழுக்கச் சுரண்டிச் சிமெண்டைப் பார்த்துவிட்டேன். இதில் சோம்பல் கூடாது. பிளாஸ்டிக் தோலின்மேல் அடித்தால் சுண்ணாம்புக்குப் பிடிமானமே கிடையாது. பிறகு சுவரைத் தண்ணீர் தெளித்து நனைத்தோம். சுண்ணாம்பை மோர்ப் பதத்துக்குக் கரைத்து, கொஞ்சம் சோற்றுக் கஞ்சி விட்டு, மெல்லிய துணியில் வடிகட்டினோம். சித்தப்பா கடைத் தூரிகையை வாங்க விடவில்லை. தேங்காய் மட்டை நுனியைச் சுத்தியலால் தட்டித் தட்டி நாரைப் பிரித்து அவரே ஒன்று செய்தார். முதல் பூச்சு அடித்தேன். ஒன்றுமே தெரியவில்லை, சுவர் வெறும் ஈரமாக நின்றது. மனைவி கதவோரம் நின்று பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனாள். அந்த மௌனம் இருக்கிறதே!

காலையில் எழுந்து வந்தால் சுவர் வெளுத்திருந்தது. யாரோ இராத்திரி வந்து அடித்துவிட்டுப் போனதுபோல். அதன் பிறகு ஒரு நாளைக்கு ஒரு பூச்சு. ஒருநாள் நெடுக்காக, மறுநாள் குறுக்காக. ஒவ்வொரு தடவையும் முதலில் கொஞ்சம் நனைத்துக்கொண்டு. ஐந்தாவது நாள் கையால் அழுத்தித் தேய்த்துப் பார்த்தேன். உள்ளங்கையில் ஒன்றும் இல்லை. ஓடிப்போய்க் கறுப்புச் சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு வந்து சுவரில் முதுகைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டேன். ஐம்பது வருடம் கழித்து வீட்டுச் சுண்ணாம்புச் சுவரில் சாய்கிறேன்.

வெளிச்சத்தைப் பற்றிச் சொல்லாவிட்டால் பாதிதான் சொன்னதாகும். சுண்ணாம்பு காய்ந்து உருவாகும் நுண்படிகங்களுக்கு ஒளியை இரண்டாகப் பிரித்து அனுப்பும் குணம் உண்டு. காலை வெயில் படும்போது சுவர் பாலாடை. மத்தியானம் வெளியே கண்ணைக் கூசும்போது உள்ளே குளிர்ந்த சாம்பல். விளக்கேற்றும் நேரத்தில் லேசான மஞ்சள். வெளியூர்க்காரர்கள் கம்போங் குவாந்தானுக்கு மின்மினி பார்க்க வருகிறார்கள், வரட்டும். நான் சாயந்திரம் ஆறே முக்காலுக்கு நாற்காலியைத் திருப்பிப் போட்டு என் சுவரைப் பார்க்கிறேன்.

முன்னறையோடு நிற்கவில்லை நான். சாமியறைக்கு அல்ட்ராமரின் நீலப் பொடி கலந்தேன். பின்கட்டுக்குக் காவி. சுண்ணாம்பின் காரத்தைத் தாங்குவது மண்ணிலிருந்து வரும் நிறப்பொடிகளும் அல்ட்ராமரின் போன்ற சிலவும்தான், மற்றவை வெளிறிப்போகும். ஈரத்தில் கறுநீலமாகப் பயமுறுத்தியது காய்ந்ததும் வான நீலமாக இறங்கியது. அதனால் முதலில் மூலையில் கையகலம் அடித்து, காய்ந்த பிறகு முடிவு செய்யுங்கள். சமையலறையில் அடுப்புக்குப் பின்னால் மட்டும் வேண்டாம், தாளிக்கிற எண்ணெயைச் சுண்ணாம்பு குடித்துவிடும். பேத்தி பென்சிலால் கிறுக்கியதைத் துடைக்கவும் முடியவில்லை. அதன்மேல் ஒரு இழுப்பு இழுத்தேன், முடிந்தது.

அடியில் ஈரம் இன்னமும் ஏறத்தான் செய்கிறது. ஏறுகிற ஈரம் சுவர் வழியே ஆவியாகிப் போய்விடுகிறது, கொப்புளம் இல்லை. புதுச் சுண்ணாம்பின் காரத்தில் பூஞ்சணம் வாழாது. நாள்பட நாள்படச் சுண்ணாம்பு கல்லாகிக் காரம் குறையும்போது பூஞ்சணம் எட்டிப் பார்க்கலாம். வருடா வருடம் தீபாவளிக்கு முன் ஏன் அடித்தார்கள் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. சாமிக்காகவும் அடித்தார்கள், பூஞ்சணத்துக்காகவும் அடித்தார்கள்.

சித்தப்பாவைக் கூட்டிக்கொண்டு ஒருநாள் பழைய தோட்டத்துக்குப் போனேன். ரப்பர் போய் எல்லாம் செம்பனை. இந்தப் பக்கத்துக்குச் செம்பனை புதிதில்லைதான். மலாயாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டமே 1917-இல் இங்கே பத்தாங் பெர்ஜுந்தை பக்கம்தான் வந்தது, அதற்குப் பெயரோ தென்னமரம்! பெயரில் தென்னை, மண்ணில் பனை. எங்கள் லயத்தை எப்போதோ இடித்துவிட்டார்கள். புல்லுக்குள் முழங்கால் உயரத்துக்கு ஒரு துண்டுச் சுவர் மட்டும் நின்றது. அதிலிருந்து ஒரு சில்லு பெயர்த்தேன். விளிம்பைப் பார்த்தால் காகிதக் கட்டுபோல் அடுக்கடுக்காகச் சுண்ணாம்பு. இருபது வரை எண்ணினேன், அதற்கு மேல் கண் தெரியவில்லை. ஒவ்வொன்றும் ஒரு தீபாவளி. நடுவில் ஓர் அடுக்கு மட்டும் நீலம். சித்தப்பா கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். "எங்க கல்யாணத்து வருஷம்டா. வெள்ளையா தெரியணும்னு ஒங்கம்மா நீலத்த அள்ளிப் போட்டுட்டாங்க. வீடே போலீஸ் ஸ்டேசன் மாதிரி ஆயிருச்சு" என்றார்.

அந்தச் சில்லு இப்போது சாமியறையில் இருக்கிறது.

இந்தத் தீபாவளிக்கு நீங்களும் ஒரே ஒரு சுவரை எடுத்துக்கொள்ளுங்கள். கொப்புளம் கண்ட சுவராகவே இருக்கட்டும். மூன்று வாரம் ஊற வைக்க வேண்டும் என்பதால் சுண்ணாம்பை இப்போதே வாங்கிவிடுங்கள். கலக்கும்போது கண்ணுக்குக் கண்ணாடி, கைக்கு உறை கட்டாயம். என் அம்மா கத்தியது சும்மா இல்லை.