விசில் யார் கையில்?

‘இறுதிச்சுற்று’ (2016), ‘கனா’ (2018), ‘பிகில்’ (2019): மூன்றும் வீராங்கனைகளின் படங்கள். ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியாப் பக்கத்துப் பெண் பிள்ளைகளுக்கும் பழக்கமானவை. வசூலை விடுவோம். நெருக்கடியான கட்டத்தில் முடிவெடுப்பது யார் என்று மட்டும் பார்ப்போம்.

இந்தக் கணக்கில் கடைசி இடம் ‘பிகிலு’க்கு. காயத்ரியைப் புகுந்த வீடு உதைபந்தாட விடவில்லை. பயிற்றுநர் மைக்கேல் நேரில் போய் வாதாடிய பிறகே அவள் மைதானம் திரும்புகிறாள். பாண்டியம்மாவின் உடல் பருமனைக் குத்திக்காட்டி, அந்த ரோஷத்தில் அவளை ஆடவைக்கிறார். அவமானப்படுத்துவது பயிற்சி ஆகாது.

‘இறுதிச்சுற்று’ ஒரு படி மேல். மதியாக நடித்த ரித்திகா சிங் நிஜக் களத்தில் சண்டையிட்டவர். அதனால் அவருடைய கால் நகர்விலும் குத்திலும் பொய்யில்லை. அதிகாரத்தில் இருப்பவரின் பாலியல் தொல்லையையும் இயக்குநர் சுதா கொங்கரா மறைக்கவில்லை. ஆனாலும் மதியின் வேகம் பயிற்றுநர் மீதான காதலோடு கட்டப்பட்டுவிடுகிறது.

முதலிடம் ‘கனா’வுக்கே. கௌசல்யா ஊர்ப் பையன்களோடு ஆடியே சுழற்பந்து கற்றவள். விவசாயி அப்பா துணை நிற்கிறார். பயிற்றுநர் பின்பாதியில்தான் வருகிறார். ஆற்றல் அவளிடம் ஏற்கனவே இருக்கிறது, அவர் அதைத் தீட்டுகிறார்.

நம் மலைகளில் கொழுந்து பறிப்பது பெண்கள், மேலே நின்று உத்தரவிடும் கங்காணி பெரும்பாலும் ஆண். திரைப் பயிற்றுநரும் அந்தக் கங்காணிதான். உழைப்பு பெண்ணுடையது, பெயர் அவருடையது.

நிஜத்தில் வேறுவிதமாக வென்று காட்டியிருக்கிறோம். 2018 செப்டெம்பரில் சிங்கப்பூரில் நடந்த ஆசிய வலைப்பந்தாட்ட இறுதிப் போட்டியில், சிங்கப்பூரை 69–50 என்று இலங்கை வீழ்த்தியது. கோல்களைக் குவித்தவர் யாழ்ப்பாணத்துத் தர்ஜினி சிவலிங்கம். பயிற்றுநர் திலகா ஜினதாச. ஆடியதும் பெண்கள், வியூகம் வகுத்ததும் பெண்.

சுமார் 1,800 மீற்றர் உயரத்தில் ஏற்ற இறக்கமாக நடந்தே பள்ளிக்கூடம் போகும் நுவரெலியாப் பிள்ளைக்கு மூச்சும் கால்பலமும் உண்டு. நேரம்தான் இல்லை. அம்மா மலையிலிருந்து இறங்கும்வரை தண்ணீரும் அடுப்பும் தம்பி தங்கையும் அவள் பொறுப்பு. அதே மாலையில் அண்ணன் மைதானத்தில் கிரிக்கெட் ஆடுகிறான்.

அந்த வேலையில் பாதியை அண்ணன் ஏற்கட்டும். தோட்ட மைதானத்தில் வாரம் இரண்டு மாலைகளைப் பெண் பிள்ளைகளுக்கென்று ஒதுக்குங்கள். பள்ளி அணிகளில் ஆடி முடித்த அக்காமாரைப் பயிற்றுநர் ஆக்குங்கள். விசில் அவர்கள் கைக்கு வந்தால்தான் மலையகத்து விளையாட்டு முன்னேறும்.