கிளிப்பிள்ளைப் பேச்சு

தாய் "தண்ணி வேணுமா?" என்று கேட்க, "தண்ணி வேணுமா?" என்றே திருப்பிச் சொல்லும் குழந்தையைக் கிளிப்பிள்ளை என்று வீட்டாரும், எக்கோலாலியா என்று ஸ்பீச் தெரபிஸ்டும் பெயரிட்டு, இருவருமாக அவ்வழக்கத்தை ஒழிக்க முனைந்த காலம் ஒன்று இருந்தது, அது முற்றிலும் கழிந்துவிட்டது என்று சொல்வதற்குமில்லை. ஆட்டிசத்தை நீக்க வேண்டிய குறையாகக் கொள்ளாமல் மனித மூளையின் வகைகளுள் ஒன்றாக ஏற்று, குழந்தையின் சுபாவத்திற்கு இசையவே பேச்சுப் பயிற்சி அமைய வேண்டும் என்னும் நரம்பியல் பன்மைக் கொள்கை, மிகுந்த நன்மை செய்திருப்பது இவ்விஷயத்திலேதான் என்பது என் அபிப்பிராயம்.

இதன் வித்து பழையது. 1943-இல் 11 குழந்தைகளைப் பற்றிய ஆய்வுரையால் ஆட்டிசத்தை வைத்திய உலகிற்கு அறிமுகம் செய்த லியோ கேனர், 1946-இல் எழுதிய வேறொரு கட்டுரையில், பால்கனியிலிருந்து நாயை எறியக் கூடாது என்று காரணமின்றிச் சொல்லும் ஐந்து வயதுச் சிறுவன் ஒருவனைக் காட்டுகிறார். முன்பு லண்டன் ஹோட்டலில் தங்கியிருந்தபோது அவன் பொம்மை நாயைப் பால்கனியிலிருந்து கீழே எறிந்துகொண்டிருந்ததும், தாய் அதை எடுத்துவந்து அலுத்துப்போய் அவ்வார்த்தைகளால் அதட்டியதும் பிறகு தெரியவர, எதையேனும் வீசக் கை துறுதுறுக்கும்போதெல்லாம் அவன் தன்னைத்தானே தடுத்துக்கொள்ளச் சொல்லும் கட்டளை அது என்பது விளங்கிற்று.

இதைக் காதில் வாங்கியோர் அன்று சிலரே. வாரம் 40 மணி நேரப் பயிற்சி பெற்ற 19 குழந்தைகளில் 9 பேர் இயல்பு நிலையை எய்தினர் என்று 1987-இல் உளவியலாளர் ஐவர் லோவாஸ் அறிவித்தபோது, மற்றக் குழந்தைகளைப் போலத் தோன்றுவதே வெற்றியின் அளவுகோலாகிவிட்டது. ஆனால் 1981-லேயே பாரி பிரிசான்ட், ஜூடித் டூகன் இருவரும் குழந்தைகளின் எதிரொலிகளை வீடியோவில் பதிந்து ஆராய்ந்து, அவற்றிற்கு ஏழுவகைப் பயன்களைக் கண்டிருந்தனர். அவற்றுள் ஒன்று ‘ஆம்’ என்று விடை கூறுதல். நம் தண்ணீர்க் குழந்தை செய்ததும் அதுவேயாகலாம்.

எனினும், எதிரொலிக்குப் பொருள் உண்டு என்பது வேறு. அது இன்ன படிகளில்தான் மொழியாக முதிரும் என்பது வேறு. மார்ஜ் பிளாங்க் 2012-இல் நூலாக வகுத்தளித்த படிநிலை முறை, முழுத் தொடராகக் கற்கும் குழந்தை அத்தொடரைப் பிரித்துப் பிரித்துத் தனிச்சொல்லுக்கு வரும் என்கிறது. தொடக்கத்தில் கேள்வி கேட்பதையும் தனிச்சொல் கற்பிப்பதையும் தவிர்க்கச் சொல்கிறது. இதன் பயனைச் சோதித்த ஆய்வுகளைத் தேடிய 2024-ஆம் ஆண்டு மதிப்பாய்வு ஒன்றுக்கு, தகுதியான ஆய்வு ஒன்றுகூட அகப்படவில்லை. தமிழில் இன்னொரு சிக்கலும் எழுகிறது: ‘வேணும்’ என்பதை ‘வேணுமா’ ஆக்குவது ஈற்று ஆகாரம் ஒன்றே, ஆங்கிலத்தை வைத்து வகுத்த படிகளில் இதை எந்தப் படியில் வைப்பது? இதைவிட எனக்கு அச்சம் தருவது, கற்பிப்பதே திணிப்பாகிவிடுமோ என்ற தயக்கம். ‘வேண்டாம்’ என்றும் ‘வலிக்குது’ என்றும், வாயாலோ படப்பலகையாலோ, உணர்த்தத் தெரியாத பிள்ளையின் சுபாவத்தை மதிக்கிறேன் என்று வாளாவிருப்பவர் மதிப்பது எதை?

நரம்பியல் பன்மை என்னும் பெயரைச் சூடிக்கொள்ளாமலே இக்கொள்கையின் சாரத்தைச் சோதனைக்கு உட்படுத்தியவர்களும் உண்டு. இங்கிலாந்தில் ஜானதன் கிரீன் குழுவினர் 152 குழந்தைகளைக் கொண்டு நடத்தி 2010-இல் வெளியிட்ட ஆய்வில், பயிற்சியானது பெற்றோர் வழியாகவே சென்றது: தாய் குழந்தையோடு விளையாடுவதைப் படம் பிடித்து, தெரபிஸ்டும் அவளும் அருகருகே அமர்ந்து அதைப் பார்க்கையில், தான் வண்ணங்களின் பெயரைக் கேட்டுக் குடைந்துகொண்டிருந்த கணத்தில் பிள்ளை பொம்மைக் காரைத் தன் பக்கம் நீட்டியதை அவள் காணக்கூடும். பெற்றோர் குழந்தைக்கு இசைந்து நடப்பது வெகுவாகக் கூடிற்று. ஆட்டிசக் குறிகள் குறிப்பிடத்தக்கவாறு குறையவில்லை. அம்முறையைக் கோவாவிலும் ராவல்பிண்டியிலும் 65 குழந்தைகளிடம், நிபுணரல்லாத ஊழியர்களைக் கொண்டே நடத்திப் பார்த்தபோது, குழந்தைகள் தாமாகத் தொடங்கும் தொடர்பு வளர்ந்தது. ஆனால் பெற்றோரும் குழந்தையும் ஒன்றிலேயே சேர்ந்து கவனம் செலுத்தும் நேரம் குறைந்தது. இரண்டையும் ஆய்வாளர்கள் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார்கள்.