மூத்த பாடகரும் சாதாரண ரசிகரும்

சாகித்தியமும் வர்ணமெட்டும் தாமே அமைத்து, அவற்றைத் தாமே மேடையேறிப் பாடிவரும் மேனாட்டுப் பாடகர்களைப் பற்றி எழுந்துள்ள நூல்களில் பெரும்பாலானவை, அவர்களுடைய இசைத்தட்டுகளை எல்லாம் மனப்பாடமாக அறிந்தவர்களாலும், ஊர் ஊராகச் சென்று கச்சேரி கேட்டவர்களாலும் எழுதப்பட்டவை. நாலைந்து பாட்டுகளை மட்டும் அறிந்து, அவற்றின் மேல் கொண்ட பிரியத்தால் சீட்டு வாங்கி வந்து உட்காரும் சாதாரண ரசிகரின் அனுபவத்தை அவை அனேகமாகப் பொருட்படுத்துவதில்லை. ஆயினும், பாட்டு என்பது அன்று தட்டில் பதிந்த உருவமா, இன்று முதுமையுற்ற சாரீரத்தில் பிறக்கும் உருவமா என்னும் கேள்வி கூர்மையாக எழுவது அந்தச் சாதாரண ரசிகரின் செவியிலேதான்; பரம ரசிகருக்கோ எல்லா உருவங்களும் முன்பே பழக்கம். ஆகையால் இத்துறையைச் சாதாரண ரசிகரின் இருக்கையிலிருந்தே பார்ப்பது தகும் என்பது என் அபிப்பிராயம்.

முதலில் வைத்து எண்ணத்தக்கவர் பாப் டிலன். 1988 ஜூன் 7-ஆம் தேதி கலிபோர்னியாவைச் சேர்ந்த கான்கார்டு நகரில் அவர் தொடங்கிய கச்சேரிப் பிரயாணம் ஆண்டுதோறும் தொடர்ந்து, 2019-இல் மூவாயிரம் கச்சேரிகளை எட்டியது. இந்த நூற்றாண்டில் அவர் பெரும்பாலும் கித்தாரை விடுத்துப் பியானோவின் முன் அமர்கிறார். சபையோரிடம் பேசுவது அபூர்வம். பழைய பாட்டுகளின் மெட்டையும் காலப்பிரமாணத்தையும், சில சமயங்களில் சொற்களையுமே மாற்றிவிடுகிறார். தெரிந்த மனிதரை இருட்டில் நடையைக் கொண்டு அடையாளம் காண்பதுபோல, பாட்டின் பாதியில் ஏதோ ஒரு சொல் காதில் விழுந்த பின்னரே இன்ன பாட்டு என்று ரசிகர் தெளிகிறார்.

இதை முதுமையின் தளர்ச்சி என்று கொள்வது சரித்திரத்துக்கு ஒவ்வாது. 1965 ஜூலையில் நியூபோர்ட் நாட்டுப்பாடல் விழாவில் மின்கித்தாரோடு அவர் தோன்றியபோது எழுந்த கூச்சலும், 1966 மே மாதம் மான்செஸ்டர் நகரின் ஃப்ரீ டிரேடு மண்டபத்தில் ஒருவர் அவரைக் கிறிஸ்துவைக் காட்டிக்கொடுத்த யூதாஸின் பெயரால் அழைத்துக் கூவியதும், இருபத்தைந்து வயது நிரம்பாத இளைஞர் ஒருவர் தம் பாட்டைத் தாமே மாற்றியதன் விளைவுகள். 1975-இல் தட்டில் வெளிவந்த 'டேங்கில்ட் அப் இன் புளூ' என்னும் பாட்டின் சொற்களை 1984-ஆம் ஆண்டு ஐரோப்பியக் கச்சேரிகளில் அவர் பெரும்பாலும் புதுப்பித்தே பாடினார். பாட்டு முடிந்துபோன பொருளன்று என்ற கொள்கை அவரிடம் இளமை தொட்டே இருந்துவருகிறது. 2021-இல் தொடங்கிய பிரயாணத்தில் அதற்கு முந்திய ஆண்டு வெளிவந்த தட்டின் பாட்டுகளே பிரதான ஸ்தானம் பெற்றன; பல மண்டபங்களில் கைப்பேசிகளும் பையிலிட்டுப் பூட்டப்பட்டதால், பாடப்படுவது எந்தப் பாட்டு என்று தேடிப் பார்க்கவும் வழியில்லை. பழகிய நாலைந்து பாட்டுகளை நாடி வந்தவருக்கு இது கடுமையான சோதனை என்பதில் ஐயமில்லை. எனினும், பெயரும் தெரியாத ஒரு பாட்டை முதல்முறையாகக் கேட்பதுபோல உற்றுக் கேட்க வேண்டிய அந்த நிர்ப்பந்தத்தைப் பெரும் பாக்கியமாகவே நான் கருதுகிறேன். தட்டை ஆயிரம் முறை சுழலவிட்டாலும் அது வாய்க்காது.

லெனார்டு கோஹன் சென்ற வழி வேறு. ஜென் மடத்தில் பல ஆண்டுகள் வாழ்ந்து துறவியாகத் தீட்சை பெற்றவரும், பின்னர்த் தம் சேமிப்பின் பெரும்பகுதியைப் பறிகொடுத்தவருமான அவர், பதினைந்து ஆண்டுகள் பிரயாணமின்றி இருந்துவிட்டு, 2008 மே மாதம் தம் எழுபத்துமூன்றாம் வயதில் கனடாவின் பிரெடரிக்டன் நகரில் மீண்டும் மேடையேறினார். ஏறத்தாழ மூன்று மணி நேரக் கச்சேரி. தொப்பியைக் கழற்றிப் பக்கவாத்தியக்காரர்களை வணங்குவார். சில பாட்டுகளை முழந்தாளிட்டுப் பாடுவார். சொல் ஒவ்வொன்றும் கடைசி வரிசைக்கும் தெளிவாக எட்டும். அவருடைய 'ஹாலெலூயா' 1984-ஆம் ஆண்டுத் தட்டில் உள்ளது. அந்தத் தட்டை அமெரிக்காவில் வெளியிட அவருடைய கம்பெனியே அப்போது மறுத்தது. அதைப் பரப்பியவர்கள் 1991-இல் பாடிய ஜான் கேலும் 1994-இல் பாடிய ஜெஃப் பக்லியுமே. ஆகவே பக்லியின் இளங்குரலில் அப்பாட்டைக் கேட்டுப் பழகி வந்தவர்களில் பலர், அதை இயற்றியவரின் மந்தர ஸ்தாயிக் குரலை அந்த மண்டபத்திலேதான் முதன்முதலாகச் சந்தித்தனர். டிலனைப் போல மெட்டை மாற்றாமலே, ஆழ்ந்து இறங்கிய சாரீரத்தினாலேயே அவர் பாட்டைப் புதிதாக்கினார்.

ஜோனி மிட்சலைக் குறித்து ஒன்று சொன்னால் போதும். அனுபவம் முதிர்ந்தவர் பேசுவதாக அமைந்த 'போத் சைட்ஸ் நௌ' என்னும் பாட்டை அவர் இருபத்துமூன்று வயதில் எழுதினார். 1968-இல் அதைப் பிரபலமாக்கியவர் ஜூடி காலின்ஸ். 2015-இல் மூளையின் இரத்தக்குழாய் வெடித்துப் பேச்சும் நடையும் இழந்த மிட்சல், தம் பழைய நிகழ்ச்சிப் படங்களைப் பார்த்து, விரல்கள் எந்த இடத்தில் நின்றன என்று கவனித்துக் கித்தாரைத் திரும்பக் கற்றுக்கொண்டு, 2022 ஜூலையில் நியூபோர்ட்டில் நண்பர்கள் சூழ அமர்ந்து அப்பாட்டைப் பாடினார். சொற்களுக்குரிய வயது அன்று பாடியவருக்கும் வந்திருந்தது. இதை உணர்வதற்கு எந்தத் தட்டையும் முன்னால் கேட்டிருக்க வேண்டியதில்லை.

பால் சைமன் 2018-இல் விடைபெறும் கச்சேரி நடத்தியவர். பின்னர் இடக்காதின் கேள்விப்புலனைப் பெரிதும் இழந்தார். 2025-இல் சிறு அரங்குகளில் மீண்டும் பாடத் தொடங்கியபோது, முப்பத்துமூன்று நிமிடம் இடைவிடாது ஓடும் 'செவன் சாம்ஸ்' என்னும் 2023-ஆம் ஆண்டுப் படைப்பை முழுவதும் முதலில் பாடிவிட்டு, இடைவேளைக்குப் பின்னரே பழைய பாட்டுகளுக்கு வந்தார். இவ்வாறு நிகழ்ச்சியைப் பகுத்தது நியாயமான ஏற்பாடு என்றே எனக்குத் தோன்றுகிறது: இப்போதைய மனத்தில் இருப்பதைச் சொல்ல அவருக்கு அரை மணி, தெரிந்ததைக் கேட்க ரசிகருக்கு எஞ்சிய பொழுது. அந்த எஞ்சிய பொழுதிலும் 'யூ கேன் கால் மீ ஆல்' கிடையாது. பல வாத்தியங்கள் ஒருங்கே முழங்கும் அத்தகைய பாட்டு, செவி குன்றிய தமக்கு இனி இயலாது என்று அவரே கூறியிருக்கிறார்.