கிரகித்தலும் பரீட்சைப் பயிற்சியும்

வினாத்தாளும் ஒருவகையில் நூலே. நூலொன்றை மதிப்பிடுவார் அதன் நோக்கம் யாது, அமைப்பு யாது, பயில்வோர் உள்ளத்தில் அது விளைப்பது யாது என்னும் மூன்றனையும் ஆராய்வர். அம்முறையிலேயே, அமெரிக்க ஐக்கிய நாடுகளிற் கல்லூரி புக விரும்பும் மாணவர் எழுதும் எஸ். ஏ. ரி. என்னும் பரீட்சையின் ஆங்கில வாசிப்புப் பகுதியையும், அதன்பொருட்டு அவர் செய்யும் பயிற்சியையும் ஈண்டு ஆராயப் புகுகின்றோம். இலங்கையிலிருந்து அந்நாட்டுப் பல்கலைக்கழகங்களை நாடுவோரும் இதனை எழுதுவதுண்டாதலின், இவ்வாராய்ச்சி எமக்குப் புறம்பானதன்று.

இப்பரீட்சை முதன்முதல் 1926 ஆம் ஆண்டு யூன் மாதத்தில் நடந்தது. பிறின்ஸ்ரன் பல்கலைக்கழகத்து உளநூற் பேராசிரியர் கார்ல் பிறிகாம் என்பார் தலைமையில் அது வகுக்கப்பட்டது. ஏறக்குறைய 8,000 மாணவர் அதனை எழுதினர். வினாக்கள் 315, காலம் 97 நிமிடம். ஒன்பது பிரிவுகளுள் பந்தி வாசிப்பும் ஒன்றாக இருந்தது. கல்வித் தகைமையை அளக்கும் சோதனை என்பதே அதன் பெயர். தகைமை என்பது கற்றுப் பெறும் பொருளன்று, உடன்பிறந்த ஆற்றல் என்பது வகுத்தோர் கருத்து. அஃது உண்மையாயின், பயிற்சியாற் பயனில்லை என்பது பெறப்படும். ஆனால், 1938 இல் நியூயோர்க் நகரத்துப் புறூக்ளின் பகுதியில் ஸ்ரான்லி கப்லன் என்பார் தொடங்கிய தனிப்பாட முயற்சி பின்னர் இப்பரீட்சைக்கும் மாணவரைப் பயிற்றிப் பெருநிறுவனமாக வளர்ந்தது. பயிற்சியாற் புள்ளி உயரும் என மக்கள் நம்பினர். காலப்போக்கில் தகைமை என்னும் சொல்லும் பெயரிலிருந்து நீங்கிற்று. இன்று அம்மூன்று எழுத்துக்களும் எச்சொல்லையும் சுட்டாத வெறும் பெயராக நிற்கின்றன. அளக்கப்படுவது யாது என்னும் வினாவுக்குப் பெயரே விடைகூறாத நிலையில், அவ்விடையை வினாத்தாளின் அமைப்பிலே தேடவேண்டியவராகின்றோம்.

2016 இல் திருத்தியமைக்கப்பட்ட வினாத்தாளிலே வாசிப்புக்கெனத் தனிப்பகுதி இருந்தது. 65 நிமிடத்தில் 52 வினாக்கள். 500 முதல் 750 வரையான சொற்களைக் கொண்ட நீண்ட பகுதிகள் ஐந்து; அவற்றுள் ஒன்று ஒப்பிட்டு நோக்குதற்குரிய இரண்டு சிறு பகுதிகளின் இணையாகவும் அமையும். கதை, வரலாறு, சமூகவியல், விஞ்ஞானம் என்பன விரவி வரும். அவ்வமைப்பிலே பாராட்டத்தக்க ஒரு வினாவகை உண்டு. ஒரு வினாவுக்கு விடை தெரிந்த மாணவனை அடுத்த வினா, 'அவ்விடைக்கு ஆதாரமாக நிற்கும் வரி யாது?' எனக் கேட்கும். தன் கருத்துக்குத் தானே சான்றுகாட்டல் வாசிப்பின் உயிர்நிலையன்றோ?

2023 இல் பிறநாடுகளிலும் 2024 இல் அமெரிக்காவிலும் இப்பரீட்சை கணினிக்கு மாற்றப்பட்டது. இப்போது வாசிப்பும் எழுத்தும் ஒரே பகுதியாக இணைந்துள்ளன. 32 நிமிடத்துக்கு 27 வினாக்களாக இரண்டு கூறுகள். முதற்கூற்றில் மாணவன் காட்டும் திறமைக்கேற்ப இரண்டாங் கூற்றின் கடுமை அமையும். ஒவ்வொரு பகுதியும் 25 முதல் 150 வரையான சொற்களே கொண்டது. ஒன்றுக்கு ஒரு வினாவே உரியது. இவ்வமைப்பின் நன்மைகளை மறைத்தல் நேர்மையாகாது. நீண்டதொரு பகுதியில் இடறி விழுந்தவன் அதனைச் சார்ந்த பத்து வினாக்களையும் ஒருங்கே இழக்கும் நிலை நீங்கிற்று. கவிதையும் இடம்பெறுகின்றது. சான்று பற்றிய வினாக்களும் வேறு வடிவில் உள்ளன. எனினும், ஒருவர் வாதத்தைத் தொடங்கி, மறுப்பை ஏற்று, திரும்பி, முடிபுக்கு வரும் நெடிய ஓட்டத்தைப் பின்தொடரும் ஆற்றல் 150 சொற்களில் சோதிக்கப்படுமாறில்லை. கல்லூரியிலோ மாணவனை எதிர்நோக்குவன முழு அத்தியாயங்களும் முழு நூல்களுமாம்.

வினாத்தாளின் குறையைப் பயிற்சி நிரப்பவேண்டும். வழக்கத்திலுள்ள பயிற்சியோ அக்குறையைப் பெருக்குகின்றது. 'வினாவை முதலில் நோக்குக. பகுதியை மேலோட்டமாகப் பார்க்க. நான்கு தெரிவுகளுள் தகாதனவற்றை நீக்குக. மணிக்கூட்டை மறவற்க' என்பனவே பயிற்சி நூல்கள் பலவற்றின் உபதேசம். இதன் விளைவை ஓர் உதாரணத்தாற் காட்டுவாம். அப்பரீட்சையின் போக்கிலே யாமே ஆக்கிய பகுதி ஒன்றன் சாரம் இது: நகரத்துப் பறவைகள் சில, காட்டிலுள்ள தம்மினத்தவற்றிலும் உயர்ந்த சுருதியிற் பாடுகின்றன. வாகனங்களின் இரைச்சல் தாழ்ந்த சுருதியினதாதலின், தம் குரல் அதனுள் அமிழ்ந்துபோகாதிருத்தற்கே அவை அவ்வாறு பாடுகின்றன என்பது ஆய்வாளர் ஊகம். அவ்வூகத்தை வலியுறுத்தும் செய்தி யாது என்பது வினா. தெரிவுகள் நான்கு: நகரத்திற் பறவைகளின் தொகை மிகுதி என்பது ஒன்று, வாகன இரைச்சல் மனிதர்க்கும் தீங்கு பயக்கும் என்பது ஒன்று, அந்நகரத்திலேயே இரைச்சல் குறைந்த பூங்காக்களில் அப்பறவைகள் தாழ்ந்த சுருதியிற் பாடுகின்றன என்பது ஒன்று, காட்டுப் பறவைகள் விடியற்காலையில் மிகுதியாகப் பாடும் என்பது ஒன்று.

தெரிவுகளை முதலில் நோக்கும் மாணவன் தடுமாறுவான். இரைச்சல் தீங்கானது என்பது உண்மை. அவ்வுண்மையே அவனை மயக்கும். பகுதியில் வந்த சொற்களே தெரிவிலும் வந்தமை இன்னும் மயக்கும். தெரிவுகளைக் கையால் மறைத்துவிட்டு, 'இவ்வூகம் மெய்யாயின் வேறு யாது நிகழவேண்டும்?' எனத் தன்னையே வினவும் மாணவனுக்கோ, 'இரைச்சல் குறைந்தவிடத்துச் சுருதியும் தாழவேண்டும்' என்பது தானே தோன்றும். பின்னர் மூன்றாந் தெரிவு அவனைத் தேடிவரும். இருவரும் ஒரே விடையை எழுதலாம். ஒரே புள்ளியையும் பெறலாம். ஆயினும் ஒருவன் கண்டது விடை. மற்றவன் கண்டது பொருள். பரீட்சை முடிந்தபின் முன்னவன் கையில் எஞ்சுவது யாதுமில்லை.

இவ்வேற்றுமையை எம் முன்னோர் நன்கறிந்திருந்தனர். நன்னூலார் காண்டிகையுரையின் இலக்கணங் கூறுமிடத்து, கருத்து, பதப்பொருள், காட்டு என்னும் மூன்றனையும் முதற்கண் வைத்து, வினாவையும் விடையையும் அவற்றோடு பின்னர்ச் சேர்த்தார். அந்நூலுக்குக் காண்டிகையுரை கண்ட ஆறுமுக நாவலரின் வழியிற் கற்ற யாழ்ப்பாணத்தார்க்கு இம்முறை புதிதன்று. இன்ன சூத்திரம் இன்னது நுதலிற்று என்று தெளிந்து, சொற்கு முறையே பொருள் கண்டு, உதாரணத்தால் அதனை நிறுவிய பின்னரே வினாவுக்கு இடமுண்டு. ஆங்கிலப் பந்திக்கும் இதுவே பொருந்தும். இப்பந்தி யாது நுதலிற்று? ஐயமான சொல் ஈண்டு எப்பொருளில் நின்றது? அப்பொருளுக்குப் பந்தியில் உள்ள ஆதாரம் யாது? இம்மூன்றுக்கும் மாணவன் தன் வாக்கியத்தில் விடையெழுதுவானாயின், பரீட்சகர் வினாவுக்கு அவன் அஞ்சவேண்டியதில்லை.

ஆகவே பயிற்சியை இருவகையாகப் பகுத்தல் தகும். முதலாவது, நேரங்குறித்த வினாத்தாள். இது பரீட்சையின் வேகத்துக்கு மாணவனைப் பழக்கும். பரீட்சையை நடத்தும் சபையே மாதிரி வினாத்தாள்களை இலவசமாக வழங்குகின்றது. 2015 முதல் கான் அக்கடமி என்னும் நிறுவனத்தின் வாயிலாகவும் இலவசப் பயிற்சி கிடைக்கின்றது. வாரத்துக்கொன்று போதுமானது. அதனிலும் முக்கியமானது, பிழைத்த வினாக்களை மறுநாள் ஆறுதலாக எடுத்து, சரியான விடை ஏன் சரி, தான் தெரிந்தது எச்சொல்லாற் பிழைத்தது என்று எழுதிப் பார்த்தல். சரியாய் வந்தவற்றுள்ளும் ஐயத்தோடு தெரிந்தவற்றை இவ்வாறே ஆராய்தல் வேண்டும்; ஊகத்தாற் பெற்ற புள்ளி கடன்பட்ட செல்வம் போன்றது. இரண்டாவது, வினா எதுவும் இல்லாத நெடிய வாசிப்பு. நாளுக்கு ஓர் அத்தியாயமேனும், ஒரு நல்ல கட்டுரையேனும் ஆங்கிலத்தில் வாசித்து, ஆசிரியர் எங்கே தொடங்கினார், எங்கே திரும்பினார், எங்கே முடித்தார் என்பதை மூன்று வாக்கியங்களில் எழுதல் வேண்டும். 150 சொற்களுக்கு அப்பாலும் கருத்தைத் தாங்கி நடக்கும் வலிமை இதனாலன்றி வாராது.

இதற்குக் காலமில்லை என்பர் பெற்றோர் சிலர். உபாயங்களைக் கற்கச் செலவிடும் காலத்திற் பாதியை இதற்கு ஒதுக்கினும் அமையும். ஆசிரியர்க்கும் ஈண்டு ஒரு கடமையுண்டு. மாணவன் விடையின் எண்ணைச் சொன்னவுடன் 'சரி' என்று அடுத்ததற்குச் செல்லாது, 'எங்ஙனம் அறிந்தாய்? வரியைக் காட்டு' என்று கேட்டல் வேண்டும். பழைய வினாத்தாள் கேட்ட அவ்வினாவைப் புதியது அவ்வாறு கேளாதொழிந்தது. அதனை வகுப்பறையிற் கேட்பதற்குத் தடை யாதுமில்லை.