கண்டனமும் உரையாடலும்: அருட்பா விவாதம் பற்றிய ஓர் அவதானம்

அருட்பா – மருட்பா விவாதத்தை ஆறுமுக நாவலரின் பழமைவாதத்துக்கும் இராமலிங்க அடிகளின் முற்போக்குக்கும் இடையிலான மோதலாகக் காண்பது எம்மவரிடையே வழக்கமாகிவிட்டது. அதில் உண்மை இல்லாமலில்லை. ஆயின் காலவரிசை அதற்கு இடையூறாக நிற்கின்றது.

நாவலர் மாற்றாரின் நூலைப் படியாது மறுத்தவர் அல்லர். பேர்சிவல் பாதிரியாரின் விவிலிய மொழிபெயர்ப்பிற் பங்கு கொண்டவர். 1854இல் வெளியிட்ட 'சைவதூஷணபரிகார'த்தில் அவ்விவிலியத்தையே சான்றாக்கிச் சைவக் கிரியைகளை நியாயப்படுத்தினார். கல்வியும் உத்தியோகமும் மிஷனரிமார் வழியாகவே பெரிதும் கிட்டிய அன்றைய யாழ்ப்பாணத்தில் அத்தற்காப்பு, காலனித்துவத்துக்கு எதிரான குரலாகவும் அமைந்தது. முற்றுகைக்குள் உருவான அக்கண்டன முறை உள்வீட்டாரை நோக்கித் திரும்பியபோதே அதன் பண்பு மாறிற்று.

1867இல் திருவருட்பா அச்சேறியதும் முதன்மை பெற்ற வினா, பாடல்கள் யாது கூறுகின்றன என்பதன்று. அவற்றை 'அருட்பா' என்றும் 'திருமுறை' என்றும் வழங்கலாமா என்பதே. (எழுத்தை விட்டு எழுதியவரின் தகுதியை விசாரிக்கும் இவ்வழக்கம் எமது இலக்கிய அணிகளுக்கும் புதியதன்று.) 1869இல் 'போலியருட்பா மறுப்பு' வெளிவந்தது. அவ்வாண்டிலேயே பிணக்கு மஞ்சக்குப்பம் நீதிமன்றத்தை எட்டியது. சைவர் தம்முள் தீர்க்கவியலாத வழக்கு, ஆங்கில ஆட்சியின் மன்றில் போய் நின்றது.

இங்குக் கவனிக்கவேண்டியது, அன்று அச்சில் இருந்தவை பெரும்பாலும் சைவ பக்தி மரபுக்குள் அடங்கிய பாடல்களே என்பதாம். சாதி, சமய, சாத்திர வேறுபாடுகளை வெளிப்படையாக நிராகரிக்கும் ஆறாந் திருமுறை, அடிகள் 1874இல் மறைந்த பின்னர் 1885இலேதான் வெளிவந்தது. நாவலரும் 1879இல் காலமாகிவிட்டார். எனவே மெய்யான அறைகூவல் அச்சேறுமுன்னரே வாயில் அடைக்கப்பட்டது. காக்கப்பட்டது கொள்கை மட்டுமன்று, எது திருமுறை எனத் தீர்ப்பளிக்கும் அதிகாரமுமாகும். அவ்வதிகாரத்தைச் சாதிப் பெயரொன்றால் மட்டும் விளக்கிவிடுதல் எளிது, ஆனால் தவறு: அருட்பாவைத் தொகுத்த தொழுவூர் வேலாயுதரும் முதலியாரே.

மறுபுறத்தே, 1867இல் வடலூரில் தருமச்சாலை தொடங்கிப் பசித்தோர்க்கெல்லாம் வேறுபாடின்றி உணவளித்த அடிகளின் திறந்த தன்மைக்கும் ஓர் எல்லையுண்டு. இறையனுபவத்தின் நேர்க்கூற்று என வரும் வாக்கை ஏற்கலாம், தள்ளலாம், விவாதித்தல் அரிது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்து நா. கதிரைவேற்பிள்ளை மருட்பா வாதத்தைப் புதுப்பித்தபோது அருட்பாவின் சார்பில் மேடையேறியவர்களுள் ஒருவர் இடலாக்குடி செய்குத்தம்பிப் பாவலர். இசுலாமியரான அவர், பாடல்களைப் படித்திருந்தார் என்ற தகுதி ஒன்றைக் கொண்டே சைவர் சபையிற் பேசினார், சபையும் செவிமடுத்தது.