ஈடும் ஒப்புரவும்

சிறைவாசிகளின் கூலி பற்றி, குஜராத் அரசின் மேல்முறையீட்டில் உச்ச நீதிமன்றம் 1998இல் வழங்கிய தீர்ப்பு இறையியல் மாணவர் ஊன்றிப் படிக்கத்தக்கது. கடுங்காவல் கைதியின் உழைப்புக்கு நியாயமான கூலி தரப்படவேண்டும். அதில் ஒரு பகுதியைக் குற்றத்தால் பாதிக்கப்பட்டோருக்கு நேரடியாகவோ பொது நிதி வழியாகவோ வழங்க மாநிலங்கள் சட்டம் இயற்றவேண்டும் என்று நீதியரசர் கே. டி. தாமஸ் எழுதினார். தண்டனையோடு நின்றுவிடாமல் பாதிக்கப்பட்டவரையும் நினைவுகூர்ந்ததே இத்தீர்ப்பின் சிறப்பு.

ஆயினும் திருமறையின் அளவுகோல் இதனினும் நீண்டது. எண்ணாகமம் 5:6-7 மூன்றைக் கேட்கிறது: பாவ அறிக்கை, முழு ஈடும் அதன்மேல் ஐந்தில் ஒரு பங்கும், அதை இழந்தவரிடமே சேர்ப்பித்தல். சகேயுவும் (லூக். 19:8) தான் வஞ்சித்தவரையே நோக்கினான். பொது நிதியின் வழியிலோ பணம் போய்ச் சேரும். அறிக்கை போய்ச் சேராது. யாருடைய வியர்வை இது என்று பெறுபவர் அறியார். யாருடைய கண்ணீருக்கு இது என்று கொடுப்பவனும் அறியான்.

இக்குறையைச் சட்டம் தனித்து நிரப்ப இயலாது, திருச்சபை துணைநிற்கலாம். ஆனால் நமது சிறை ஊழியம் பெரும்பாலும் கைதியோடு முடிந்துவிடுகிறது. காட்டாங்குளத்தூரிலிருந்து புழல் சிறைக்குச் செல்லும் போதகர், அக்கைதியால் கணவரை இழந்த சகோதரி இசைந்தால், அவர் வீட்டுக்கும் செல்லவேண்டாமா? மன்னிக்கும்படி அவரை வற்புறுத்த அன்று. அவரது இழப்பைப் பொறுமையோடு கேட்க. அதன்பின்னரே ஒப்புரவைப் பற்றிப் பேச நமக்கு உரிமை உண்டு.