பொய்ச்சான்றின் இலக்கணம்

எச். ஏ. கிருஷ்ணபிள்ளையைக் ‘கிறித்தவக் கம்பர்’ என்று போற்றுவது நம் வகுப்பறைகளில் வழக்கமாகிவிட்டது. அப்புகழுரையால் விளைந்த நன்மையோடு ஒரு குறையும் உண்டு. 1894இல் வெளிவந்த அவருடைய ‘இரட்சணிய யாத்திரிகம்’ உவமை நயத்திற்கும் விருத்தப் பாவின் ஓட்டத்திற்கும் எடுத்துக்காட்டுத் தரும் நூலாகச் சுருங்கிப் போயிற்று. வஞ்சனை எவ்வாறு செயற்படுகிறது என்பதை ஆராயும் நூலாக அதனைப் படித்தோர் மிகச் சிலரே.

அக்காப்பியத்திற்கு மூலம் 1678இல் ஜான் பனியன் வெளியிட்ட உருவகக் கதை. அதிலே யாத்திரிகரை வழிதவறச் செய்வோருள் முகத்துதி செய்பவன் ஒருவன் வருகிறான். அவன் வெண்ணிற ஆடை அணிந்தவன். தானும் அந்நகருக்கே செல்வதாகக் கூறி முன்னே நடக்கிறான். பாதை சிறிது சிறிதாகத் திரும்புகிறது. யாத்திரிகர் நகருக்குப் புறங்காட்டி நடப்பதை உணர்வதற்குள் வலையில் வீழ்கின்றனர். வழிக்குறிப்பு அவர்கள் கையிலேயே இருந்தது. அதனை எடுத்துப் படிக்கத்தான் மறந்தார்கள்.

கிருஷ்ணபிள்ளை மூலத்தை அப்படியே பின்பற்றவில்லை. பனியன் விரித்துரைக்காத இயேசுவின் பாடுகளைத் தனிப்படலமாகவே பாடினார். இச்சேர்க்கை கதையோட்டத்தைத் தடுக்கிறது என்பார் உளர். ஆயினும் வஞ்சனையைப் பற்றிய நூலுக்கு அஃது இன்றியமையாதது. ஏனெனில், திரிக்கப்பட்ட உண்மையின் மிகத் தெளிவான சான்று அவ்வழக்கு விசாரணையிலேதான் கிடைக்கிறது.

யோவான் சுவிசேஷத்தில் இயேசு தம்மை எதிர்த்தோரை நோக்கி, இவ்வாலயத்தை இடியுங்கள், மூன்று நாளில் எழுப்புவேன் என்னும் பொருள்படப் பேசுகிறார். அவர் கருதியது தம் உடலை. மாற்கு காட்டும் விசாரணையில் சாட்சிகள் அதனையே, இவ்வாலயத்தை இடிப்பேன், மூன்று நாளில் வேறொன்றைக் கட்டுவேன் என்று அவர் கூறியதாக உரைக்கின்றனர். ஆலயமும் மூன்று நாளும் மாறவில்லை. முன்னிலை ஏவல் தன்மை வினைமுற்றாயிற்று, எழுப்புதல் கட்டுதலாயிற்று. உயிர்த்தெழுதலைக் குறித்த சொல் கல்லையும் சுண்ணாம்பையும் குறிப்பதாகி, பேசியவர் குற்றவாளியாகிவிட்டார். அச்சாட்சிகளும் ஒத்துவரவில்லை என மாற்கு குறிப்பது வேறு செய்தி. முழுப்பொய்யை மறுக்க ஒரு சொல் போதும்; இத்தகைய பொய்யை மறுக்க இலக்கணம் தெரிந்திருக்க வேண்டும்.

கெடாவின் தோட்டப்புற மக்களுக்கு இவ்வகை வஞ்சனை ஏட்டுச் செய்தியன்று. 1938இல் இந்திய அரசு தடை செய்யும் வரை, கங்காணிகள் தம் ஊர்களுக்குச் சென்று ஆள் கட்டி வந்தனர். வேலை உண்டு, கூலி உண்டு என்று அவர்கள் கூறியது பொய்யன்று. முன்பணம் கடனாகித் தொழிலாளியைப் பிணிக்கும் என்பதும், ஆளுக்கு இவ்வளவு என்று கங்காணிக்குத் தலைக்காசு கிடைக்கும் என்பதும் பேச்சில் விடுபட்டன. ஜப்பானியர் ஆட்சியில் விளைந்த கேடோ இதனினும் கொடிது. நல்ல கூலியும் உணவும் கிடைக்கும் என்ற சொல்லை நம்பிப் பலர் சென்றனர். பலர் வலிந்தும் கொண்டு செல்லப்பட்டனர். சுங்கைப்பட்டாணி, அலோர் ஸ்டார் வழியே வடக்கே செல்லும் இருப்புப்பாதை பாடாங் பெசாரில் எல்லையைத் தொடுகிறது. அதற்கப்பால், 1942 முதல் 1943 வரை அமைக்கப்பட்ட 415 கிலோமீட்டர் சயாம்-பர்மா பாதை அவர்களை விழுங்கியது. அங்கே வேலை இருந்தது என்பதும் உண்மையே. காலராவையும் பிரம்படியையும் எவரும் முன்னதாகச் சொல்லவில்லை.

ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’ (1993), அ. ரெங்கசாமியின் ‘நினைவுச் சின்னம்’ (2005) ஆகிய நாவல்களைப் பற்றிய நம் திறனாய்வுகள் துன்பத்தையே பெரிதும் பேசுகின்றன. அத்துன்பத்திற்கு வாயிலாக அமைந்த சொற்களை ஆராய்வதும் திறனாய்வாளர் கடமையே. அவ்வாராய்ச்சிக்குக் கிருஷ்ணபிள்ளையின் காப்பியம் நல்ல துணையாகும். கிறித்தவரல்லாத மாணவருக்கும் அது பயன்படும்.

கூலிமிலோ பீடோங்கிலோ பணியாற்றும் தமிழாசிரியர் ஒருவர் பாடுகளின் படலத்தை நடத்தத் தொடங்குமுன், யோவான் இரண்டாம் அதிகாரத்தையும் மாற்கு பதினான்காம் அதிகாரத்தையும் அருகருகே வைத்து, வினைமுற்றுகளை மட்டும் கோடிட்டுக் காட்டுமாறு மாணவரைப் பணிக்கலாம். அதற்கு ஒரு பாடவேளைகூடத் தேவைப்படாது.